முத்தரின் கைராசி குறித்து மச்சானுக்கு ஒரு முறைப்பாடு

சிவமயம்

ஈஸ்ட் ஹாம், லண்டன்
பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை

என்றும் என் மதிப்புக்குரிய மச்சான் தர்மகுலசிங்கம் அவர்களுக்கு, உங்கள் தங்கை வசந்தமலரின் கணவன் கிருஷ்ணராசா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே கத்தரி நலம். தக்காளி நலம். மிளகாய் இரண்டாவது சோடி இலை விட்டு மிகவும் நலம். செவ்வந்திக்குச் சென்ற கிழமை சிறிது வாட்டம் இருந்தது. ஜன்னல் மாற்றி வைத்த பிறகு அதுவும் தேறிவிட்டது. இந்த வீட்டில் நலம் விசாரிக்கப்படும் சீவன்கள் இவ்வளவுதான். என்னை யாரும் விசாரிக்காதபடியால் என் நலம் எனக்கே சரியாகத் தெரியாது. கனடாவில் நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே இன்னும் பனி கொட்டுவதாகக் கேள்விப்பட்டேன். நன்றாகக் கொட்டட்டும் மச்சான், பனி மனிதருக்கு ஒரு கெடுதலும் செய்வதில்லை.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் கதைத்தால் உங்கள் தங்கை பக்கத்தில் வந்து நின்று "பெரியண்ணையோ? ஸ்பீக்கர்ல போடுங்கோ" என்பாள். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், என் போனைத் திறக்கும் இலக்கம் எனக்கு மறந்தாலும் அவளுக்கு மறக்காது. ஆகையால் பழைய முறைப்படி பேனாவை எடுத்து, கராஜுக்குள் சலவைப் பவுடர் பெட்டியின் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். ஏன் கராஜ், வீட்டுக்குள் உமக்கு ஒரு கதிரை இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தக் கதிரையைப் பற்றித்தான் எழுத வருகிறேன்.

எங்கள் வீட்டு முன்னறையில் வெளியே தள்ளிக்கொண்டு ஒரு பெரிய ஜன்னல் இருப்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீங்கள் எங்கள் மகள் சயந்தினியின் கலியாணத்துக்கு வந்தபோது அதன் முன்னால்தான் இருவரும் இருந்து தேத்தண்ணி குடித்தோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து என் கதிரை அங்கேதான். அதில் இருந்தால் வீதியில் யார் போகிறார், யார் வருகிறார், யார் வீட்டு வாசலில் பார்சல் கிடக்கிறது எல்லாம் தெரியும். இப்போது அந்த ஜன்னலில் கத்தரி இருக்கிறது. கத்தரிக்குப் பக்கத்தில் தக்காளி. கீழ்த்தட்டில் மிளகாய். என் கதிரை இருந்த இடத்தில் ஒரு மடக்கு மேசை, அதன் மேல் செவ்வந்தி. கதிரையைச் சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டார்கள். நான் அதில் இருந்தால் எனக்குத் தெரிவது, வந்தவர்களின் சப்பாத்து. அதிலும் இப்போதெல்லாம் ஒரே ஒரு சோடிச் சப்பாத்துத்தான் அடிக்கடி தெரிகிறது. அது செபமாலைமுத்து என்பவருடையது.

இந்த மனிதரை உங்களுக்குத் தெரியாது. எங்கள் வீதியில் இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். ஊரில் பாஷையூர்ப் பக்கம். எல்லோரும் முத்தர் என்பார்கள். மனைவி இம்மாகுலேற் மகளின் பிள்ளைப்பேற்றுக்காக ஜெர்மனிக்குப் போய், இப்போதைக்குத் திரும்புகிற நோக்கம் இல்லாமல் நிற்கிறா. போன கோடையில் முத்தரின் வீட்டுப் பின்வளவில் கத்தரி காய்த்தது. காய்த்தது என்றால், சாதாரணமாக அல்ல. காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்து போவோர் வருவோருக்கெல்லாம் கொடுக்கிற அளவுக்குக் காய்த்தது. தமிழ் வீடு ஒவ்வொன்றின் கதவுப் பிடியிலும் ஒரு பை கத்தரிக்காய் தொங்கியது. எங்கள் வீட்டுக் கதவுப் பிடியில் இரண்டு பை. ஏன் இரண்டு என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் இரண்டு பையையும் பொரித்துத் தின்றேன் மச்சான்.

அதே கோடைக்கு முன்னால் எங்கள் வீட்டில் விதை போட்டது நான். போட்டதும் நான், தண்ணீர் ஊற்றியதும் நான், தட்டை அலுமாரிக்கு மேல் வைத்ததும் நான். எல்லாம் முளைத்தன. இதை நீங்கள் தயவுசெய்து கவனத்தில் எடுக்க வேண்டும்: முளைத்தன. பிறகு வெளிச்சம் தேடி நூல்போல நெட்டையாக வளர்ந்து, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, ஒரு நாள் காலையில் மொத்தமாகப் படுத்துவிட்டன. லண்டனில் மாசி மாதத்து வெயிலை நம்பிக் கம்பியை நட்டாலும் அது படுத்துவிடும். உங்கள் தங்கை சூரியனை ஒரு சொல் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "உங்கட கையில ராசி இல்லையப்பா, அவ்வளவுதான்" என்றாள். சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள். நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அந்தச் சொல் ஒரு வருடம் அடுப்படியில் ஊறிக்கிடந்து இந்த மாசியில் முத்தராக வந்து நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

மாசிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, நான் அப்டன் பார்க்குக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், முன்னறையில் முத்தர். கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கும் பூப்போட்ட கோப்பை அவருடைய கையில். அந்தக் கோப்பையைச் சம்பந்தி வீட்டுக்காரர் வந்தபோதுகூட அவள் வெளியே எடுக்கவில்லை மச்சான். "என்ன விசேஷம்?" என்றேன். "முத்தண்ணையின்ர கையால விதை போடப்போறம். இராகுகாலம் கழியட்டும் எண்டு பார்த்துக்கொண்டிருக்கிறம்" என்றாள். முத்தர் வேதக்காரர். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவர். அவர் எங்களுடைய இராகுகாலத்துக்கு எங்களைவிடப் பொறுமையாகக் காத்துக்கொண்டு, நடுவில் ஒரு தரம் மணிக்கூட்டைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் கிடக்குத் தங்கச்சி, அவசரப்படாதேங்கோ" என்றும் சொன்னார். நேரம் வந்ததும் உங்கள் தங்கை பிள்ளையாருக்கு விளக்கேற்றினாள். முத்தர் மண் நிரப்பிய தட்டுகளின் மேல் ஒரு சிலுவை போட்டார். பிறகு அவள் விதையை எடுத்து அவருடைய உள்ளங்கையில் கொட்ட, அவர் ஒவ்வொன்றாகக் கிள்ளி வைத்தார். பிள்ளையார் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் மீன் பையுடன் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் இருவரிடமும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் தண்ணீராவது தெளிப்போம் என்று கிட்டப் போனேன். "தள்ளி நில்லுங்கோ, மீன்கையோட வாறியள்" என்றாள். கையைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்து, மேலே பிளாஸ்டிக் தாளும் மூடிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் நடப்பதை நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, குளிருது என்று சொன்னால் உங்கள் தங்கையின் பதில் ஒன்றுதான்: "ஸ்வெட்டரைப் போடுங்கோ." ஸ்வெட்டர் போட்டிருந்தால், "மற்றதையும் போடுங்கோ." கத்தரி விதைக்குச் சூடு வேண்டும் என்று முத்தர் ஒரு வார்த்தை சொன்னார். அன்றிலிருந்து ஹீட்டிங் பகல் முழுவதும் எரிகிறது. கத்தரிக்கு ஸ்வெட்டர் போட ஏலாதாம். நானும் அந்தச் சூட்டில் நன்றாகத்தான் இருந்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சூடு எனக்காக அல்ல என்று நினைக்கும்போது உடம்பு வேர்க்க வேர்க்க மனசு விறைத்துப்போய்விடும். முதல் முளை மண்ணைக் கிளப்பிக்கொண்டு எட்டிப் பார்த்த அன்று, நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். என்னைக் கூப்பிடவில்லை. போனை எடுத்து, "முத்தண்ணை, வந்திட்டுது! கெதியா வாங்கோ!" என்றாள். முத்தர் வீட்டுச் செருப்போடு ஓடி வந்தார். சயந்தினி பிறந்த செய்தியை எனக்குச் சொன்னபோதுகூட அவள் குரலில் அந்தத் துள்ளல் இருக்கவில்லை.

இதற்கு மேல் தடவல். முளைத்த கன்றுகளைக் காலையும் மாலையும் உள்ளங்கையால் மெதுவாகத் தடவிவிட்டால், காற்றில் ஆடியதுபோல அவற்றின் தண்டு உரம் பிடிக்குமாம். இதுவும் முத்தர் சொன்னது. நான் சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். உங்கள் தங்கை ஜன்னலோரம் நின்று, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, தக்காளியைத் தடவுகிறாள். மச்சான், எனக்கு இடுப்பு வலி இருப்பது உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் எண்ணெய் தடவிவிடப்பா என்றால், "உங்கட கை எட்டும்தானே" என்கிறாள். எட்டாது. எட்டாத இடத்தில்தான் வலி. தடவுவது மட்டுமல்ல, கதைக்கவும் வேண்டுமாம். செடிகளோடு கதைத்தால் வளருமாம். சரி, கதைக்கட்டும் என்று இருந்தேன். ஒருநாள் காது கொடுத்துக் கேட்டால், அவள் மிளகாய்க் கன்றுகளுக்கு என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். குளித்த பிறகு துவாயைக் கதவில் போடுவது முதற்கொண்டு எல்லாம். அந்த மிளகாய் வளர்ந்து காய்த்து என் கறிக்குள் வரும்போது எப்படி உறைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் எழுதித்தான் ஆக வேண்டும். முத்தருக்கு இது தவக்காலம், இறைச்சி தொடமாட்டார். அதைக் கேட்டதும் உங்கள் தங்கைக்கு மனம் இளகி, அவர் கன்று பார்க்க வருகிற நாளெல்லாம் எங்கள் வீட்டில் சைவச் சாப்பாடு. பருப்பு, பூசணிக்காய், வாழைக்காய்ப் பொரியல், அப்பளம், பாயாசம். பாயாசம் என்ன தவம் என்று நான் கேட்கவில்லை. நான் வாங்கி வந்த மீன் ஐஸ்பெட்டிக்குள் கிடக்கிறது. திறக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கிறது.

இந்த நிலைமையில் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் ஒரு முடிவுக்கு வந்தேன். என் கையிலும் ராசி இருக்கிறது என்பதை ஒருவருக்கும் சொல்லாமல் செய்து காட்டுவது, முளைத்த பிறகு கொண்டுவந்து கத்தரிக்கு முன்னால் வைப்பது. கடையில் விதைப் பைக்கற் வாங்கினால் எப்படியும் அவள் கண்ணில் படும். அடுப்படித் தட்டில் ஒரு தகரப் பேணி நிறைய மல்லி இருந்தது. மல்லி விதைதானே. அதில் ஒரு பிடி எடுத்தேன். மல்லியைத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். முத்தருக்குத் தெரியுமோ தெரியாது. வடிவாகத் தேய்த்து, கழுவிய யோகட் கப்புகளில் மண் நிரப்பி, அளவாகத் தண்ணீர் தெளித்து, ஒவ்வொன்றிலும் 'மல்லி' என்று எழுதி ஒட்டி, சுடுதண்ணிப் பொயிலர் இருக்கிற அலுமாரிக்குள் துவாய்களுக்குப் பின்னால் வைத்தேன். வீட்டிலேயே சூடான இடம் அது. பிள்ளையாருக்கு ஒரு கும்பிடும் போட்டேன். அவரும் அன்றைக்கு என்னோடு சேர்ந்து ஒதுக்கப்பட்டவர்தானே.

ஒரு கிழமை போயிற்று. ஒன்றும் இல்லை. மல்லி பிந்தித்தான் முளைக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். இன்னும் ஒரு கிழமை போயிற்று. முன்னறையில் முத்தர் போட்டதெல்லாம் பச்சைப் பாய் விரித்ததுபோல நிற்கிறது. அலுமாரிக்குள் என் கப்புகளில் வெறும் மண். தக்காளி மண்ணைத் தள்ளிக்கொண்டு வருகிறது, செவ்வந்தி வருகிறது, குப்பைக்குப் போட்ட உருளைக்கிழங்குத் தோல்கூடக் குருத்து விடுகிறது. என் மல்லி மட்டும் கிடந்த கிடையாய்க் கிடக்கிறது. அப்போதுதான் மச்சான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. போன வருடமாவது முளைத்துவிட்டுத்தான் செத்தது. இந்த வருடம் முளைக்கவே இல்லை. அப்படியென்றால் என் கை வரவர மோசமாகிறதா? பாத்ரூம் வெளிச்சத்தில் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. ராசி கையில் இருக்கிறதென்றால், கையிலிருந்து கைக்கு வராதா? அடுத்த முறை முத்தர் வந்தபோது வாசலிலேயே மறித்து, "வாங்கோ, வாங்கோ" என்று அவருடைய வலது கையைப் பிடித்தேன். பிடித்தவன் விடவில்லை. இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். நேரம் போகப் போக முத்தரின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, "அண்ணை, ஆரும் மோசம் போயிட்டினமே?" என்று கேட்டார். "இல்லை, ஒரு சாவும் இல்லை, சும்மா ஒரு அன்பு" என்றேன். அன்றைக்கு அவர் பாயாசம் குடிக்காமலே போய்விட்டார். நான் கையைக் கழுவாமல் நேரே அடுப்படிக்குப் போய், அதே பேணியில் இன்னொரு பிடி மல்லி எடுத்து, புதிதாக இன்னும் சில கப்புகளில் போட்டேன். அதுவும் முளைக்கவில்லை.

நேற்றுச் சனிக்கிழமை எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. கன்றுகளைத் தனித்தனிச் சட்டிகளுக்கு மாற்றுகிற நாள். முத்தர் தன் சொந்தக் கையுறைகளோடு வந்தார். முதல் வரிசையை மாற்றி முடித்துக் கை கழுவினார். துடைக்க நல்ல துவாய் எடுத்துக் கொடுப்போம் என்று உங்கள் தங்கை பொயிலர் அலுமாரியைத் திறந்தாள். துவாயோடு ஒரு யோகட் கப்பும் வந்து விழுந்தது. எட்டிப் பார்த்தாள். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் வெளியே எடுத்து மேசையில் அடுக்கினாள். "இது என்னப்பா?" என்றாள். எழுதித்தானே ஒட்டியிருக்கிறது என்றேன். அவள் நகத்தால் மண்ணைக் கிளறி ஒரு விதையை எடுத்து மூக்குக்கிட்டக் கொண்டுபோனாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இது தூளுக்கு வறுத்து வச்ச மல்லியெல்லோ! அரைக்க எடுக்க அரைப்பேணிதான் கிடக்கு, எங்க போச்சுது எண்டு நான் தேடிக்கொண்டு திரியிறன்!"

மச்சான், தூளுக்கு மல்லியை எவ்வளவு பக்குவமாக அவள் வறுப்பாள் என்பது உங்களுக்கும் தெரியும். நிறமே மாறாது. அது நல்ல வறுவலுக்கு அடையாளம். என் பிழை அதில் எங்கே இருக்கிறது? ஆனால் அவள் சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். முத்தர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு திரும்பி வந்து, ஒரு கப்பை எடுத்து மணந்து பார்த்து, "வாசம் நல்லா இருக்கு அண்ணை" என்று ஆறுதல் சொன்னார். ஒரு மணித்தியாலத்தில் சயந்தினி குரோய்டனிலிருந்து போன் எடுத்தாள். "அப்பா, ஓ மை காட், கறித்தூளையா நட்டீங்கள்?" என்றாள். பின்னால் மருமகன் சிரிக்கிற சத்தம் கேட்டது.

உண்மையில் எனக்கு அந்த நேரத்தில் பெரிய நிம்மதி. வறுத்த விதை யார் போட்டாலும் முளைக்காது. அப்படியென்றால் என் கையில் பிழை இல்லை. இதை நான் நிதானமாக எடுத்துச் சொன்னேன். அதற்கு உங்கள் தங்கை, "வறுத்ததோ பச்சையோ எண்டு பார்க்கத் தெரியாத கை என்ன கை?" என்றாள். சரி, அதையும் பொறுத்துக்கொண்டேன். அடுத்தாற்போல, கண்ணைத் துடைத்துக்கொண்டே, சிரிப்பு அடங்காமலே அவள் ஒன்று சொன்னாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். "முத்தண்ணை, இந்த முறை சித்திரை வருஷத்துக்குக் கைவிசேஷம் முதல் உங்களிட்ட வாங்கினால் என்ன?"

பகிடி என்று சொல்வீர்கள். இருக்கலாம். ஆனால் மச்சான், வருடம் முழுவதும் பெருக வேண்டும் என்று ராசியான கையால் முதற்காசு வாங்குகிற அந்தக் கைவிசேஷத்தை, கலியாணம் கட்டிய முதல் வருடப் பிறப்பிலிருந்து அவளுடைய கையில் முதலில் வைத்தது நான். ஊரைவிட்டு வந்து ஒற்றை அறையில் இருந்த காலத்திலும், வெற்றிலை கிடைக்காமல் வேறு ஏதோ இலையில் வைத்துக் கொடுத்தபோதும், அவள் குனிந்து வாங்கிக் கண்ணில் ஒற்றினாள். நான் வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் கிழிக்கவில்லை. வேலையில் ஒரு பதவி உயர்வும் வரவில்லை. கார் ஓடினால் பக்கத்தில் இருப்பவர்கள் தேவாரம் பாடுகிறார்கள். ஆனால் வருடத்தில் ஒருநாள் என் கை நல்ல கை. அந்த ஒருநாளையும் கத்தரிக்காய்க்காரன் கொண்டுபோவதை நான் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. எனக்கு அந்த மனிதர்மேல் பொறாமை என்று நீங்கள் நினைக்கலாம். ஓம், பொறாமைதான். வயிறு எரிகிறது. அந்தச் சூட்டில் இன்னும் ஒரு தட்டு மிளகாய் முளைக்க வைக்கலாம்.

ஆகையால் உங்களிடம் என் தாழ்மையான வேண்டுகோள். உங்கள் தங்கை இந்த உலகத்தில் ஒருவர் சொல்லுக்குத்தான் அடங்குவாள், அது நீங்கள். சித்திரை பிறப்பதற்கு முதல் ஒரு போன் எடுங்கள். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். வேறு கதை கதைக்கிற மாதிரிக் கதைத்து, நடுவில், "பிள்ளை, குடும்பத்தலைவன் கையால வாங்கிறதுதான் முறை" என்று ஒரு சொல் போடுங்கள். முடிந்தால், வீட்டுக்குள் செடி வைப்பது சுவாசத்துக்குக் கூடாது என்று கனடாவில் சொல்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரைச் சொல்லி முத்தரின் வரவை நிறுத்துவது என் பொறுப்பு.

மச்சாளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பிள்ளைகள் படிப்பிலும் உடல்நலத்திலும் சிறந்து விளங்கட்டும். உங்கள் வீட்டு ஜன்னல்களில் எதுவும் முளைக்காமல், உங்கள் கதிரை இருந்த இடத்திலேயே நிலைத்திருக்க எல்லாம் வல்ல பிள்ளையார் துணை நிற்பாராக.

இப்படிக்கு,
சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் உங்கள் அன்பு மச்சான்,
கிருஷ்ணராசா

பி.கு.: செவ்வாய்க்கிழமை. ஞாயிறு தபாற்கந்தோர் பூட்டு, நேற்று முத்திரை வாங்க மறந்துபோனேன். அதனால் கடிதம் இன்னும் கையில் இருக்கிறது. மச்சான், போன் எடுக்க வேண்டாம். எடுத்தாலும் இதைப் பற்றி மூச்சு விட வேண்டாம். இன்று காலை அவள் என்னை முன்னறைக்குக் கூப்பிட்டாள். "இஞ்சருங்கோ, உங்கட மல்லி முளைச்சிருக்கு, வந்து பாருங்கோ" என்றாள். நான் போனேன். எறியச் சொல்லி வைத்திருந்த யோகட் கப்புகளில் ஒன்று ஜன்னலில், நல்ல வெளிச்சத்தில் இருந்தது. அதன் நடுவில் ஒரு கன்று, நிமிர்ந்து நிற்கிறது. எனக்கு மல்லி இலையும் தெரியும், தக்காளி இலையும் தெரியும் மச்சான். அது தக்காளி. கன்றைச் சுற்றி மண்ணைப் பெருவிரலால் அமத்திய அடையாளம் அப்படியே இருந்தது. பக்கத்துத் தட்டில், சனிக்கிழமை சட்டிக்கு மாற்றாமல் மிச்சம் விட்ட முத்தரின் வரிசையில் ஓரிடம் காலியாக இருந்தது. உங்கள் தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "முளைச்சிட்டுதுதான்" என்றேன். "வறுத்த விதையையே முளைக்க வச்ச கை. வருஷத்துக்கு முதல் கைவிசேஷம் நீங்கள்தானப்பா தரோணும்" என்று சொல்லிவிட்டு, என்னைத் திரும்பிப் பாராமல் அரிசி கழுவப் போய்விட்டாள். முத்தரின் வரிசையிலிருந்து பிடுங்கியிருக்கிறாள் மச்சான், அதுவும் இருந்ததிலேயே நல்ல கன்றாகப் பார்த்து. கப்பில் ஒட்டிய பெயரை நான் மாற்றவில்லை. மல்லி என்றே தண்ணீர் ஊற்றுகிறேன்.